வட்டத்துக்கு இறங்கும் வழி

சரிவின் முனையில் சக்கர நாற்காலியை நிறுத்தினாள்.

கீழே வட்டம் தெரிந்தது. யாருமில்லை. தடுப்புத் தகரங்களை இன்று காலையில்தான் எடுத்திருந்தார்கள்.

நூலகத்துக்குப் பின்னால், வாகை மரங்களுக்கு நடுவே, தரையைத் தோண்டி இறக்கி வட்டமாகப் போட்ட கல்லிருக்கைகள். பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் அது வட்டம். பிறந்தநாள், சண்டை, சமாதானம், பிரிவுபசாரம் எல்லாம் அங்கேதான்.

அவள் அதை மேலிருந்தே பார்த்திருக்கிறாள். இறங்குவதற்குப் படிகள் மட்டுமே இருந்தன.

முதலாண்டில், தூக்கிக்கொண்டு போகிறோம் என்றார்கள் வகுப்பில் படித்தவர்கள். வேண்டாம் என்றுவிட்டாள். தூக்கி இறக்கியவர்கள்தான் மறுபடி மேலே ஏற்றவும் வேண்டும். நினைத்தபோது கிளம்ப முடியாது.

அதன்பிறகு மேலே நடைபாதையில் இருந்துகொள்வாள். வகுப்புத் தோழி நிலோபர் டீ வாங்கி வருவாள். கீழேயிருந்து சிரிப்பு கேட்கும். எதற்கென்று தெரியாது.

போன வருடம் வட்டத்தைப் புதுப்பிக்கப் போவதாகச் சொன்னார்கள். மாணவர்களைக் கூட்டிவைத்துப் பொறியாளர் வரைபடம் காட்டினார். புதுக் கல், புது விளக்கு, ஓரமெல்லாம் பூச்செடி. யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

எழுந்தது நிலோபர். கூட்டமென்றால் வாயே திறக்காதவள். சரிவுப் பாதை எங்கே என்று கேட்டாள். அதற்கு இடம் போதாது என்றார் பொறியாளர். அப்படியென்றால் பூச்செடியை எடுத்துவிடுங்கள் சார் என்று சொல்லிவிட்டுச் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது சரிவு இருக்கிறது. அந்தப் பக்கம் பூச்செடி இல்லை.

பிடித்துக்கொள்ளட்டுமா என்று பின்னால் நின்ற நிலோபர் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

உள்ளங்கைகளால் சக்கரங்களை அழுத்தி அழுத்தி விட்டாள். திருப்பத்தில் ஒரு சக்கரம் சுவரை உரசியது. நின்றாள். நேராக்கிக்கொண்டு மறுபடி இறங்கினாள். பின்னால் நிலோபர் இரண்டு கைகளையும் நீட்டியபடி, எதையும் தொடாமல் வந்தாள்.

தரை சமமானது.

இங்கிருந்து பார்க்க வாகை இன்னும் உயரமாக இருந்தது. மேலே நடைபாதையில் போகிறவர்களின் தலைகள் மட்டும் தெரிந்தன.

எங்கே இருப்பதென்று அவளுக்குப் புரியவில்லை. எந்தப் பக்கம் நிழல் விழும், எந்தப் பக்கம் காற்று வரும், ஒன்றும் தெரியாது. நிலோபருக்குத் தெரிந்திருக்கும். தன்னை விடுதியில் விட்டுவிட்டு, பஸ் வரும்வரை அவள் இங்கேதான் மற்றவர்களோடு இருப்பாள் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"நீ எப்பவும் எங்க உக்காருவ?"

நிலோபர் மெல்லச் சுற்றிலும் பார்த்தாள். குனிந்து ஒரு கல்லைத் தொட்டுப் பார்த்தாள்.

"நான் எங்கட்டி கண்டேன்? நானும் இன்னைக்குத்தான எறங்குதேன்."



அவள் தன் நாற்காலியை நிழல் விழுந்த ஒரு கல்லருகே கொண்டுபோனாள். கல்லில் கிடந்த சருகுகளைக் கையால் தள்ளிவிட்டாள்.