தப்பான பிரதி

"கத்தரியக்கா, நீங்க எங்களை ஏமாத்திட்டீங்க!"

கருப்பு அட்டையில் வெள்ளி முட்கள் மின்னிய தடித்த நாவலைத் துணி வெட்டும் மேசைமேல் ஓங்கிப் போட்டாள் பொத்தான்காரி. நீதி கேட்கப் புறப்பட்டவளுக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை.

அந்தத் தையற்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மிஷின்கள் ஓய்ந்துவிடும். பொத்தான், கொக்கி, ஓரத்தையல் என்று கைவேலை நடக்கும் நேரம் அது. அப்போது துணி வெட்டும் கத்தரியக்கா ஒரு நாவலை உரக்கப் படிப்பாள். அந்நேரத்தில் அவள் வெட்ட வேண்டிய காலர்த் துணிகளை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக வெட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

சென்ற மாதம் படித்து முடித்தது ஒரு தேவதைக் கதை. காட்டை ஆளும் கொடிய தேவதை அரசன், ஒரு பெண்ணின் குட்டித் தங்கையை மந்திரத் தூக்கத்தில் ஆழ்த்துகிறான். அக்காக்காரி முட்காட்டைத் தாண்டிப் போய், அவனை மண்டியிட வைத்து, தங்கையை எழுப்பி வீட்டுக்குக் கூட்டி வருகிறாள். அன்று கூடமே கைதட்டியது. பொத்தான்காரியோ ஆசை அடங்காமல் சொந்தமாகவே ஒரு பிரதி வாங்கிவிட்டாள்.

வந்தது வினை.

"இதுல அந்தக் குட்டி எழுந்திரிக்கவே இல்லை! தூக்கத்துலயே செத்துப்போகுது. அக்காக்காரி என்னடான்னா, கொன்னவனையே காதலிக்கிறா. அவன் இவளைக் கூண்டுல அடைக்கிறான், இவ கம்பிக்கு உள்ள நின்னு அவன் கண்ணழகை வர்ணிக்கிறா. தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு!"

"அச்சடிச்சவன் தப்பு பண்ணியிருப்பான்டி," என்றாள் ஒருத்தி.

"நானும் அப்படித்தான் நினைச்சேன்! நேரா கடைக்குப் போய், 'அண்ணே, இது அச்சுக் கோளாறு, நல்ல பிரதியா குடுங்க'ன்னு சண்டை போட்டேன். அவரு கடையில இருந்த அத்தனையையும் பிரிச்சுக் காட்டிச் சிரிக்கிறாரு. மானமே போச்சு!"

ஜிப் தைப்பவள் எழுந்தாள். ஊர்த் துணிக்கெல்லாம் ஜிப் வைத்தவள், தன் வாய்க்கு மட்டும் வைக்க மறந்தவள்.

"அப்போ இத்தனை நாளா ஒரு பொய்க்காகவா காலர் வெட்டினோம்? என் கட்டைவிரலைப் பாருங்கடி, காய்ச்சுப் போச்சு! நாளையிலேர்ந்து வேற யாராவது படிக்கட்டும்."

"அதானே!" என்று இரண்டு மூன்று குரல்கள் எழுந்தன.

கத்தரியக்காவின் முகம் வெளுத்தது. தனியாக வாழும் அவளுக்கு அந்தப் படிப்பு நேரம்தான் நாளின் வெளிச்சம். அது பொத்தான்காரிக்கும் தெரியும். ஆனால் கோபம் கண்ணை மறைத்தது.

"ஆமாம்மா, மாத்தித்தான் படிச்சேன்."

"ஏன்னுதானே கேக்குறோம்?"

கத்தரியக்கா ஆளில்லாத இஸ்திரி மேசையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கத்தரியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. லீவு போட்டிருந்த இஸ்திரியக்கா நின்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவள் மகள். இதயத்தில் ஓட்டை என்று ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளை, தன் காலால் நடந்து வந்திருந்தது.

"இனிமே ஓடலாம்னு டாக்டரே சொல்லிட்டாருடி!" என்றாள் இஸ்திரியக்கா. அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று முந்தின.

வழக்கு அங்கேயே நின்றது. எல்லோரும் பிள்ளையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"என் தங்கமே, கன்னம்கூட வந்துடுச்சே!" என்றாள் ஜிப்.

பிள்ளையின் கண்கள் வேறு யாரையோ தேடின. "கத்தரிப் பெரியம்மா யாரு?"

இஸ்திரியக்கா கைகாட்டினாள். ஓடிப்போய் கத்தரியக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டது பிள்ளை.

"நீங்க படிச்ச கதையை அம்மா தினமும் சாயங்காலம் வந்து எனக்குச் சொல்லுவாங்க. ஆபரேஷனுக்கு மயக்க ஊசி போடும்போது ரொம்ப பயமா இருந்துச்சு பெரியம்மா. அப்புறம், அந்தக் குட்டிப் பொண்ணு எழுந்துட்டாளே, நானும் எழுந்துடுவேன்னு நினைச்சுக்கிட்டேன். எழுந்துட்டேன்!"

எல்லோரும் கத்தரியக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இஸ்திரியக்கா இங்கே கேட்ட கதையை அங்கே கொண்டுபோகிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். தெரிந்ததை நெஞ்சில் வைத்துப் படித்தவள் ஒருத்தி மட்டுமே.

"அடுத்த மாசம் ஒரே ஒரு தடவை மயக்கம் குடுத்து, உள்ள வெச்ச குழாயை எடுத்துடுவாங்களாம். அதோட முடிஞ்சுது," என்றாள் இஸ்திரியக்கா.

அதற்குள் பிள்ளை மேசையைப் பார்த்துவிட்டது.

"ஐ, அம்மா சொன்ன முள்ளு போட்ட அட்டை! இதுதானே அந்தப் புத்தகம்? குடுங்க, நானே படிக்கிறேன்!"

பிறந்ததிலிருந்து முதன்முறையாக ஜிப் வாயை மூடிக்கொண்டாள்.

பிள்ளையின் விரல் அட்டையைத் தொடுவதற்குள், பாய்ந்து புத்தகத்தைப் பறித்துத் தன் பைக்குள் திணித்தாள் பொத்தான்காரி.

"ஐயய்யோ, இதைத் தொடாதே கண்ணு! இது தப்பான பிரதி. அச்சுல பெரிய கோளாறு. கடைக்காரர்கிட்ட சண்டை போட்டுட்டு வந்திருக்கேன், வேணும்னா இவங்களைக் கேளு!"

"ஆமாமா!" என்றது கூடம் முழுவதும் ஒரே குரலில்.

"அப்போ சரியான கதை?"

கத்தரியக்காவின் பங்குக் காலர்த் துணி அத்தனையையும் தன் மடியில் வாரிப் போட்டுக்கொண்டு பொத்தான்காரி சொன்னாள்:

"அது கத்தரியக்கா வாயால படிச்சாத்தான் வரும். உக்காரு, முதல்லேர்ந்து கேப்போம்."