ஆளுக்கொரு ஸ்டெப்

"மாமா தூங்கிட்டாரான்னு எட்டிப் பாரு. தூங்கிட்டா சத்தம் போடாம மேல வா" என்றாள் கேப்டன் அக்கா.

மூட்டை கீழ் அறையை எட்டிப் பார்த்தான். அவளுடைய வீட்டுக்காரர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

விபரீதமாக எதுவும் இல்லை. டான்ஸ் கிளாஸ்தான்.

ஆள் உயரப் பையை முதுகில் சுமந்துகொண்டு தேசம் தேசமாகச் சுற்றுகிறவன் அவன். அதனால் அந்தப் பாய்மரப் படகில் அவனுக்கு மூட்டை என்றே பெயர் விழுந்துவிட்டது. பாத்திரம் கழுவி, கயிறு இழுத்துக் கொடுத்தால் அடுத்த நாட்டில் இறக்கிவிடுவதாகப் பேச்சு.

அங்கே ஒரு தோழி காத்திருந்தாள். அவளுக்கு டான்ஸ் என்றால் உயிர். "நானும் இப்ப நல்லா ஆடுவேன்" என்று போனில் அளந்துவிட்டிருந்தான். டான்ஸ் ஹாலில் காலை வைத்ததும் குட்டு உடைந்துவிடும். அதோடு அவளும் கை நழுவிப் போய்விடுவாள் என்ற பயம் அவனுக்கு.

இந்தக் கதையை அக்காவிடம் புலம்பியபோது, "நான் சொல்லித் தரேன். மாமாவுக்கு மட்டும் தெரியக் கூடாது" என்றாள்.

சுக்கானை மெஷினிடம் ஒப்படைத்துவிட்டு அவன் கையைப் பிடித்தாள்.

"வலது காலை ரொம்ப ஊன்றாதே. தொட்டுட்டு எடுத்துடு."

"ஏன்க்கா? ஹால்ல எல்லாரும் நல்லா ஊன்றித்தானே ஆடறாங்க?"

"நீ டான்ஸ் கத்துக்க வந்தியா, கேள்வி கேக்க வந்தியா?"

சுற்றுவது கிடையாது, துள்ளுவது கிடையாது. அடி மேல் அடி வைத்து நகர்வதுதான் டான்ஸாம். அவன் கொஞ்சம் வேகம் எடுத்தால் அக்கா இழுத்து நிறுத்தினாள்.

படகில் மொத்தமே மூன்று பேர். புருஷன் பெண்டாட்டியில் ஒருவர் தூங்கினால் மற்றவர் காவல். அக்கா படுக்கப் போனதும் மாமா கம்பியைப் பிடித்துப் பிடித்து மேலே வந்தார். போன வருஷம் பாய்க் கயிறு காலைச் சுற்றி இழுத்ததிலிருந்து அவருக்கு நடையே அப்படித்தான்.

"உங்க அக்கா தூங்கிட்டாளா?"

"தூங்கிட்டாங்க, மாமா."

"அப்ப வா. அவகிட்ட மூச்சு விடாதே."

ஆமாம், மூட்டை அவரிடமும் புலம்பியிருந்தான். அவரும் சொல்லித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

மாமா அவன் தோளில் தன் பாரம் முழுவதையும் போட்டார். "நீ பின்னாடி போ."

"நான் ஆம்பளை, மாமா. நான்தானே முன்னாடி வரணும்?"

"முன்னாடி வர்றதை எவன் வேணாலும் கத்துக்குவான். பின்னாடி போ."

அக்கா முன்னால் வா என்கிறாள், மாமா பின்னால் போ என்கிறார். மூட்டைக்குத் தலை சுற்றியது. கடலாலா இவர்களாலா என்றுதான் தெரியவில்லை.

மூன்று பேரும் ஒன்றாக உட்காருவது சாப்பாட்டுக்கு மட்டும். மூட்டை ஒருநாள் நூல் விட்டுப் பார்த்தான்.

"நாம இறங்கற இடத்துல பெரிய டான்ஸ் ஹால் இருக்காம்."

"எனக்கு அதெல்லாம் அலுத்துப் போச்சு" என்றாள் அக்கா, தட்டைப் பார்த்தபடி.

"எனக்கு ஆரம்பத்துலேருந்தே இஷ்டமில்ல" என்றார் மாமா.

என்ன புளுகு! ஒருவர் கண்ணில் ஒருவர் மண்ணைத் தூவிக்கொண்டு, நடுவில் நம்மையும் முட்டாளாக்குகிறார்களே என்று மூட்டைக்கு எரிந்தது. ஓசியில் வேலை வாங்க டான்ஸ் ஆசை காட்டுகிறார்கள் என்றே முடிவு கட்டிவிட்டான்.

கரை வந்தது. ஹாலுக்கு அவர்களும் கூடவே வந்தார்கள். சும்மா வேடிக்கை பார்க்கவாம்.

தோழி அவன் கையைப் பிடித்து நடுவில் இழுத்துப் போனாள். மூட்டை வலது காலைத் தொட்டு எடுத்தான். முன்னால் போவதா பின்னால் போவதா என்று குழம்பி, பின்னால் போய் ஒரு ஜோடியை இடித்தான். இத்தனை நாள் ஆடிய தரை இப்போது ஆடாமல் நின்றது வேறு சதி செய்தது. பக்கத்தில் இருந்த நாற்காலியோடு சேர்ந்து சாய்ந்தான்.

தோழிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இதுக்குப் பேரு நல்லா ஆடறதா? யாருடா சொல்லிக் கொடுத்தது?"

அவமானத்தில் அவனுக்குக் காது சுட்டது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று அந்த இருவரையும் நோக்கித் திரும்பினான்.

மாமா சுவரைப் பிடித்து எழுந்து, அக்காவுக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க. முட்டி என்னத்துக்கு ஆகும்?" அக்கா பதறினாள்.

"உனக்குத் தெரியாம கொஞ்சம் பழகியிருக்கேன். வா."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும்தான்" என்றாள்.

மாமா வலது காலைத் தொட்டுத் தொட்டு எடுத்தார். அவர் பாரத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு, அவர் வேகத்துக்கே அக்கா பின்னால் போனாள். எங்கும் இடிக்கவில்லை, ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

இத்தனை நாள் அக்காவுக்கு மாமாவாகவும் மாமாவுக்கு அக்காவாகவும் நின்றது தான்தான் என்று மூட்டைக்கு அப்போதுதான் உறைத்தது.

"எவ்வளவு அழகா ஆடறாங்க" என்றாள் தோழி, கண்ணை எடுக்காமல். "யாருடா அவங்க?"

"என்கிட்ட டான்ஸ் கத்துக்கிட்டவங்க" என்றான் மூட்டை.