இருபத்து மூன்றாவது ஆள்

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிப்புகையால் ஓட்டுவதற்காக எங்கள் பஸ்ஸின் முதுகில் மாட்டியிருந்த கரியடுப்பைக் கழற்றி எறிந்தார்கள். மறுபடியும் பெட்ரோல். கண்டக்டரான எனக்குத்தான் பெரிய விடுதலை. நாலு வருஷமாக அடுப்பு மூட்டி, காற்றுக்காகக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள் இற்றுப் போயிருந்தது. கரிவண்டி ஏற முடியாமல் திணறும் நார்த்தாமலை ஏற்றத்தில் எல்லோரையும் இறக்கித் தள்ளச் சொல்லித் திட்டு வாங்குவதும் இனி இல்லை. தள்ளியவர்கள் உச்சியில் ஏறியதும், யாரும் விட்டுப்போகாமல் இருக்கத் தலை எண்ணுவேன்.

பெட்ரோல் வந்த முதல் நாள் யாரும் இறங்கவில்லை. பஸ் நிற்காமல் ஏறியது. பழக்கதோஷத்தில் உச்சியில் எண்ணினேன். கீழே இருபத்திரண்டு பேர். மேலே இருபத்து மூன்று. புதுக்கோட்டையில் இறங்கியவர்கள் இருபத்திரண்டு. அடுத்த மூன்று நாளும் ஒரு தலை கூடிக் குறைந்தது.

டிரைவர் கண்ணுசாமி அண்ணனிடம் சொன்னேன். அவர் பயப்படவில்லை.

"அடுப்பைக் கழட்டுனது யாரோ ஒரு ஆளுக்குத் தெரியலடா. பாவம், இன்னும் தள்ளிக்கிட்டே வாராரு."

மறுநாள் ஏற்றத்துக்குக் கீழேயே நிறுத்தினார். கதவைத் திறந்தேன். வெளியே வெயில் மட்டும்தான். கடைசி சீட்டில் தினமும் வரும், எங்கள் பேச்சைக் கேட்டிருந்த கடலைக்காரி செவந்தி, கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

"இங்கிட்டு உக்காருங்க. இனிமே தள்ள வேணாம்" என்றாள் காலி இடத்தைப் பார்த்து.

உச்சியில் நான் எண்ணவில்லை. பின்னாலிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது. செவந்தி தன் சேலையில் ஒட்டிய கரியைத் தட்டிவிட்டாள்.