முதலிடம் பறிபோன சாயங்காலம்

ஜூன் மாதத்து மஞ்சள் வெயிலில் லவெலின் கொல்லைப்புறத்து அடுப்பு புகைகிறது. விலா எலும்பிலிருந்து கொழுப்பு சொட்டிச் சுர்ரென்கிறது. சுற்றி நிற்கும் ஐந்து பேரும் இந்தப் புழுக்கத்திலும் கோட்டு சூட்டில் இருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் டிராஃப்ட்டில் கூடைப்பந்து அணிகள் தங்களைத் தேர்ந்தெடுத்தபோது போட்டிருந்த அதே சூட்டு. அன்று தொளதொளவென்று தொங்கியது. இன்று லவெலின் வயிற்றில் ஒற்றைப் பொத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொரு டிராஃப்ட் நாளிலும் தொலைக்காட்சியில் படுமோசமான டிராஃப்ட் வருடங்களின் பட்டியல் வரும். முதலிடம் எப்போதும் இவர்கள் வருடத்துக்குத்தான். ஆரவாரம் போடுவதற்காகப் பீர் குவளைகள் இப்போதே உயர்ந்து நிற்கின்றன.

அறிவிப்பாளர் இவர்களை இரண்டாமிடத்தில் வாசிக்கிறார்.

"ரெண்டாவதா? நம்மளையா?" லவெலின் இடுக்கி அந்தரத்தில் நிற்கிறது.

"அநியாயம்டா!" என்று டெவான் கத்துகிறான். "நம்ம கூடையிலயே ஏழு தடவ பந்து போட்டவன் நீ. அத எப்படிடா மறந்தானுங்க?"

"ரெண்டு தடவதான்டா, பாவி!"

லவெல் குலுங்கிச் சிரித்ததில் பொத்தான் தெறித்து அடுப்பு மூடியில் 'டிங்' என்று மோதுகிறது. திரையில் புதிதாக முதலிடம் பிடித்த வருடத்தில் தேர்வான பையன் ஒருவன்; இருபத்திரண்டு வயது, முழங்காலில் கட்டு, தரையை விட்டு எழாத பார்வை. அந்தப் பார்வை லவெலுக்குத் தெரியும். அந்தப் பையனின் அணியில் டெவான் இப்போது உதவிப் பயிற்சியாளன். அவனிடம் தொலைபேசி எண்ணை வாங்கி லவெல் பையனை அழைக்கிறான்.

"தம்பி, எங்க பட்டத்தப் பறிச்சிட்டியே, நல்லா இருப்பியா? அடுத்த வருஷம் இதே நாள்ல எங்க வீட்டுக்குப் பசியோட வா. டிராஃப்ட்டுக்குப் போட்ட அந்த சூட்ட மட்டும் யாருக்கும் குடுத்துடாத."