தங்கவிரலார் கையைத் தூக்கினார்

தங்கவிரலார் இரண்டு கைகளையும் தூக்கினால், அந்த நொடியே அவன் வாசிப்பை நிறுத்திவிட வேண்டும். கறுப்புத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பவனுக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான்.

தங்கவிரலார் என்பது பத்திரிகைக்காரர்கள் வைத்த பட்டம். மேடையில் நின்ற மனிதருக்கு நல்ல குரல், நல்ல முகம், கிட்டாரில் பிடிக்கத் தெரிந்தது மூன்றே மூன்று கார்டு. அந்தக் கிட்டாரிலிருந்து கிளம்பும் ஒயர் எங்கும் போய்ச் சேருவதில்லை. ஊரே கொண்டாடும் ஜாஸ் வாசிப்பு, பின்னால் இரும்பு நாற்காலியில் இருந்தவனுடையது.

முதல் ரெக்கார்டிலும் அவன்தான் வாசித்தான். அட்டையில் பேர் வராது என்றார்கள். காலையில் பற்பசை விளம்பரத்துக்கும் மத்தியானம் பேய்ப் படத்துக்கும் வாசித்துவிட்டு வந்தவன், எதற்கென்று பேர் கேட்பான்? தலையாட்டினான். அந்தத் தலையாட்டல் தன் குடியைக் கெடுக்கும் என்று அப்போது தெரியாது.

பிறகு மேடைக்கும் கூப்பிட்டார்கள். மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டான்.

"ஏம்பா, உனக்குச் சூடு சொரணையே கிடையாதா? போயும் போயும் இந்த ஆளுக்கா வாசிக்கிற?" என்று பக்கத்தில் நிற்கும் சவுண்ட்காரன் கேட்காத நாள் இல்லை. அவன் குனிந்து தந்தியை முறுக்குவான்.

சொரணை இருந்ததால்தான் வந்தான். முன்வரிசையில், தங்கவிரலாரின் மனைவிக்கென்று எப்போதும் ஒரு நாற்காலி போட்டு வைப்பார்கள். கூட்டம் என்றாலே தலைவலி என்று அவள் ஒருநாளும் வந்ததில்லை.

இன்று வந்திருந்தாள். திரையில் இருந்த சின்னக் கிழிசல் வழியே, கன்னத்தில் கை வைத்து அவள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

அவன் கண்ணை அங்கிருந்து எடுக்கவில்லை. விரல்கள் மட்டும் ஒழுங்காக வேலை பார்த்தன.

கடைசிப் பாட்டு முடிந்தது. தங்கவிரலார் இரண்டு கைகளையும் தூக்கிக் கைதட்டலை வாங்கிக்கொண்டார்.

கிட்டார் நிற்கவில்லை.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தங்கவிரலார் கைகளை அவசரமாக இறக்கித் தந்திகளைத் தடவினார். அதற்குள் அரங்கம் முழுக்கச் சிரிப்பு. சவுண்ட்காரன் எந்தக் குமிழையும் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

சிரிப்பு இனிக்கத்தான் செய்தது. ஆனால் அவன் இத்தனை நாள் காத்திருந்தது அதற்கல்ல.

ஒரு சின்ன மெட்டுக்கு மாறினான். கடைசி ஸ்வரத்தை வேண்டுமென்றே கோணலாக இழுத்து விடுகிற மெட்டு. காலையில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கும்போது, படுக்கை ஓரம் உட்கார்ந்து அதை வாசிப்பான். அவள் கண்ணைத் திறக்காமலே சிரித்துத் தலையணையை எறிவாள்.

அப்போது அவள் அவன் மனைவி.

"அந்த ரெக்கார்டுல வாசிச்சது நீங்களா? பொறாமையில உளறாதீங்க. அதுல உயிர் இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கவிரலாரிடம் போனாள்.

கிழிசல் வழியே பார்த்தான். அவள் எழுந்து நின்றிருந்தாள். மேடையில் திணறிக்கொண்டிருந்த புருஷனை அவள் பார்க்கவில்லை. கறுப்புத் திரையையே பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது.

அந்தச் சிரிப்புச் சத்தத்தில் அவளுக்குச் சரியாகக் கேட்டிருக்காதோ என்னவோ. அதே மெட்டை, கோணல் ஸ்வரம் மாறாமல், அவன் மெதுவாக இன்னொரு முறை வாசித்தான்.