பச்சை தாண்டிய வெட்டு

கிளை விழுந்த பிறகுதான் அது தவறான கிளை என்று அவருக்கு உறைத்தது.

சைப்ரஸ் மரத்தின் இடப்பக்கம், நடுத்தட்டு. அடியில் காய்ந்திருந்த ஒரு குச்சியை எடுக்கத்தான் ரம்பத்தை உள்ளே விட்டார். பேச்சு சுவாரசியத்தில் கை வேறு கிளைமேல் ஏறிவிட்டது. பேச்சு என்றால் யாரோடும் இல்லை. தனக்குத்தானே ஒரு ஜோக் சொல்லி, தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

மரம் மனைவியுடையது.

பாய் விரித்தால் நிறைந்துவிடும் தோட்டம். அதில் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்ற அந்த மரத்தை, தண்டு வெளியே தெரிய, கிளைக்கொரு பச்சைத் தட்டாக, மேகங்களை அடுக்கி வைத்ததுபோல் ஆக்கியிருந்தாள். கத்தரி பட்டால் நுனி பழுத்துப்போகும் என்று கொழுந்துகளை விரலாலேயே கிள்ளுவாள். அவரை அந்தப் பக்கம் அண்ட விட்டதில்லை.

போன கோடையில், அவர் ஏறி நிற்கும் இதே ஏணியிலிருந்து விழுந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. இப்போது கூடத்து ஜன்னலோரம், சக்கர நாற்காலியில்.

“நீ படியிறங்கி வர்ற வரைக்கும் மரம் என் பொறுப்பு” என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பொறுப்புதான் இப்போது காலடியில் கிடந்தது.

மெதுவாகத் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

திட்டட்டும் என்று காத்து நின்றார். திட்டினால் தேவலை. விழுந்த நாளிலிருந்து அவள் அவரைத் திட்டவே இல்லை. “தண்ணி.” “போதும்.” “லைட்ட அணைங்க.” அவ்வளவுதான் பேச்சு. கல்யாணமான நாளிலிருந்து வசவு வாங்கியே வளர்ந்த மனிதர். வீட்டில் ஃப்யூஸ் போனதுபோல் தடவிக்கொண்டு நடமாடினார்.

“பரவால்ல” என்றாள். “அதுக்கு நேரா வலப்பக்கம் ஒண்ணு இருக்கு பாருங்க. அதையும் எடுத்துடுங்க. சமமாயிடும்.”

போன உயிர் திரும்பி வந்தது.

“திரும்பத் துளிர்த்துடும் இல்ல?”

“மொதல்ல வெட்டுங்க. அங்க இல்ல. இன்னும் உள்ள தள்ளி.”

உள்ளே பச்சையே இல்லை. வெறும் பழுப்புக் கட்டை. சொன்ன இடத்தில் ரம்பத்தை வைத்து இழுத்தார்.

“இப்ப கீழ்த்தட்டு மட்டும் துருத்திக்கிட்டு நிக்குது. அதுவும்.”

அதுவும் போயிற்று.

அவள் பேசினாள். முழு முழு வாக்கியமாகப் பேசினாள். ஜன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றி, விரலை நீட்டி, பழைய அதிகாரத்தோடு பேசினாள்.

“ஏணியத் தள்ளிப் போடுங்க. அந்தப் பக்கம். எருமை மாதிரி மறைச்சுக்கிட்டு நிக்காதீங்க, எனக்குத் தெரியல.”

எருமை என்ற சொல்லில் இத்தனை தித்திப்பு இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. துள்ளிக்கொண்டு ஏணியைத் தூக்கினார்.

பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். “என்ன சார், மரத்துக்கு மொட்டையா?”

“மேலிடத்து உத்தரவு” என்றார் இவர், தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு. “நல்லவேளை, எனக்கு இயற்கையே அடிச்சு விட்டுடுச்சு. இல்லேன்னா அடுத்து நான்தான்.”

ஜன்னலில் ஒரு சிரிப்பு கேட்டது. சின்னதுதான். ஆனால் அவள் சிரிப்பு. அதற்காக அவர் அந்த நிமிஷம் வாசல் கேட்டைக்கூட அறுத்துப் போட்டிருப்பார்.

ஒவ்வொரு கிளையாக இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தில் இருந்த சிரிப்பும் கூடவே இறங்கியது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜன்னலைப் பார்த்தார். தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

உச்சியில் ஒரு கொத்து மட்டும் மிஞ்சியபோது அவள் “போதும்” என்றாள்.

கீழே இறங்கி, கொஞ்சம் தள்ளி நின்று, அவர் முதல் முறையாக முழு மரத்தையும் பார்த்தார். துணி பறந்துபோன குடைக்கம்பி. உள்ளங்கை முழுக்கப் பிசின். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின. ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

“கொஞ்சம் ஓவராப் போயிட்டேனோ? துளிர்க்க எவ்ளோ நாளாகும்? நீ இறங்கி வர்றதுக்குள்ள...”

அவள் மரத்தைப் பார்த்தாள். பிறகு அவரை. முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

“துளிர்க்காதுங்க. பச்சையத் தாண்டி உள்ள வெட்டினா இந்த மரம் துளிர்க்கவே துளிர்க்காது. நீங்க மொதல்ல வெட்டினது ஒண்ணுமில்ல. பக்கத்துக் கிளைய வளைச்சுக் கட்டியிருந்தா, அந்த ஓட்டை தானா மூடியிருக்கும்.”

எந்த இக்கட்டிலும் அவருக்கு ஒரு ஜோக் கிடைத்துவிடும். இப்போது கையில் ரம்பம் மட்டும்தான் இருந்தது.

“அப்ப ஏன்மா...”

“அன்னிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல டாக்டர் உங்ககிட்ட சொன்னாரே, இனிமே எழுந்து நடக்க வாய்ப்பே இல்லன்னு. நீங்க உள்ள வந்து, ‘அடுத்த மாசம் நீ ஓடப் போற பாரு’ன்னு சொல்லிச் சிரிச்சீங்க.”

நாற்காலியின் சக்கரத்தில் கை வைத்து, ஜன்னலுக்கு முதுகைத் திருப்பினாள்.

“எனக்குப் போனது காலுதாங்க. காது இல்ல.”