கணவாயைக் கடந்த குதிரை

"குதிரைன்னா குதிரைதான் மகளே. அதுல என்ன உள்ளர்த்தம் வேண்டிக் கெடக்கு?"

கடைசி வரிசையிலிருந்து குரல் வந்ததும் ஸூரா பேச்சை நிறுத்தினாள்.

பிஷ்கெக் நூலகக் கூடம் நிரம்பி வழிந்தது. எசன்பெக்கின் பாடல்களுக்குப் பொருள் சொல்வதில் ஸூராவை மிஞ்ச ஆள் கிடையாது. அதுவும் பாட்டு எழுதிய எசன்பெக்கே இன்றைக்கு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

'கணவாய் தாண்டிப் போன பழுப்புக் குதிரை, பனி உருகியும் திரும்பலையே...'

இந்த ஒரு வரியைத்தான் அரைமணி நேரமாகப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தாள். நடுவில் இந்த ஆள்!

"பைக்கே, உங்க பேரு?" பெரியவருக்குரிய மரியாதையோடுதான் கேட்டாள்.

"டோக்டோசுன்."

"டோக்டோசுன் பைக்கே, முப்பத்தெட்டாம் வருஷம் அரசாங்கத்து ஆளுங்க துரோகின்னு சொல்லி நம்ம ஆளுங்களை லாரி லாரியா ஏத்திக்கிட்டுப் போனாங்களே, ஒருத்தராவது திரும்பி வந்தாங்களா? அந்தக் குதிரை அவங்கதான். பாட்டு எழுதின காலத்துல அதை வெளிப்படையாப் பாட முடியுமா? அதான் மறைச்சுப் பாடினார்."

"குதிரை காணாமப் போச்சு. குதிரைக்காரன் தேடினான், கிடைக்கல. அவ்வளவுதான் பாட்டு."

கூடம் சிரித்தது. "பெரியவர் குதிரைச் சந்தைன்னு நெனச்சு இங்க வந்துட்டார்!" என்றது ஒரு குரல்.

பக்கத்தில் நின்ற தோழி ஸூராவின் காதைக் கடித்தாள்.

"இவரைத் தெரியலையா அக்கா? அந்தக் காலத்துல பாட்டையெல்லாம் தணிக்கை பண்ற ஆபீஸ்ல சிவப்புப் பென்சிலோட உட்கார்ந்திருந்தவர்!"

ஸூராவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஓ, அந்த மகான் நீங்கதானா? எத்தனை பாட்டை வெட்டியிருப்பீங்க! வெட்டத் தெரிஞ்ச அளவுக்குப் படிக்கத் தெரியாமப் போச்சே பைக்கே! ஊருக்கே புரிஞ்ச பாட்டு, உங்களுக்கு மட்டும் இன்னும் புரியல!"

கைதட்டல் அடங்க வெகுநேரமானது.

டோக்டோசுன் மடியிலிருந்த கம்பளித் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஸூரா வெற்றிச் சிரிப்போடு முன்வரிசையைப் பார்த்தாள். எசன்பெக்கின் நாற்காலி காலி. அவர் வாசலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

பதறிப்போய் அவளும் பின்னால் ஓடினாள். படிக்கட்டில் மூச்சு வாங்க நின்றிருந்தார் எசன்பெக். தெருமுனையில் டிராலிபஸ் திரும்பிக்கொண்டிருந்தது.

"போயிட்டாரும்மா."

"நான் சொன்ன பொருள்ல ஏதாவது தப்பா பைக்கே?"

"ஒரு எழுத்து தப்பில்ல."

"அப்புறம் என்ன?"

"பதினாலு வருஷத்துக்கு முன்னால தணிக்கை ஆபீஸ்ல அஞ்சு பேர் உட்கார்ந்து இந்தப் பாட்டைப் படிச்சாங்க. நாலு பேருக்கு உடனே பொறி தட்டிடுச்சு. 'யாருய்யா அந்தக் குதிரை?'ன்னு என்னைக் கேட்டாங்க. அஞ்சாவது ஆளான இவர்தான் குதிரைன்னா குதிரைதான்னு மல்லுக்கு நின்னார். எங்க ஊர்ப் பண்ணையில நிஜமாவே குதிரை தொலைஞ்சதுன்னு சாட்சி வேற பிடிச்சுட்டு வந்தார். நான் ஜெயிலுக்குப் போகாம வீட்டுக்குப் போனேன். இவரைப் பாட்டுப் புரியாத மரமண்டைன்னு சொல்லி, தூரத்து மலையூரு நாரின்ல தீவனக் கிடங்குக்கு மாத்திட்டாங்க."

ஸூரா இரண்டு படி இறங்கித் தெருமுனையைப் பார்த்தாள்.

"அது அப்போ. இப்பத்தான் நாடே மாறிடுச்சே! இன்னும் ஏன் அதையே சொல்றார்?"

"மாறினது மறுபடியும் மாறிடாதுன்னு அவருக்கு நம்பிக்கை வரல. யார் கேட்டாலும் குதிரைன்னுதான் சொல்லுவார். என்மேல ஒரு தூசு விழுந்துடக் கூடாதாம்."

"அப்போ... பாட்டோட அர்த்தம் அவருக்குத் தெரியுமா?"

எசன்பெக் டிராலிபஸ் போன திசையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்க அப்பாவையும் அவரோட அப்பாவையும் ஒரே லாரியிலதாம்மா ஏத்தினாங்க."